சிலையில் இல்லாத ஆசிரியர்: லோரான் கிளேரும் அமெரிக்கக் காதுகேளாதோர் கல்வியின் தொடக்கமும்

வாஷிங்டன் நகரிலுள்ள கேலடெட் பல்கலைக்கழக வளாகத்தில், 1889இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், பக்கத்தில் நிற்கும் சிறுமிக்கு ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்தை விரல்களை மடக்கிக் காட்டுகிறார். பெரியவர் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட். சிறுமி ஆலிஸ் காக்ஸ்வெல். வடித்தவர் டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச், பிற்பாடு லிங்கன் நினைவகத்துச் சிலையைச் செய்தவர். அமெரிக்காவில் காதுகேளாத பிள்ளைகளுக்குப் படிப்பு எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இந்தச் சிலையின் கதையைத்தான் சொல்வார்கள்: பாதிரியார் படிப்பு முடித்த இரக்கமுள்ள இளைஞர், அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு காதுகேளாத குழந்தை, அந்தக் குழந்தைக்காகத் தொடங்கிய பள்ளி.

கதையில் பொய் எதுவும் இல்லை. ஓர் ஆள் மட்டும் குறைகிறார். 1817இல் அந்தப் பள்ளி திறந்தபோது, காதுகேளாத பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்த முழு அனுபவம் அங்கே ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. கேலடெட் சில மாதங்கள் பார்த்துப் பழகியவர், அவ்வளவுதான். அனுபவம் இருந்தவர் பாரிஸிலிருந்து கப்பலேறி வந்த லோரான் கிளேர். அவருக்கும் காது கேட்காது. பேசவும் மாட்டார்.

கிளேரை ‘கேலடெட்டின் உதவியாளர்’ என்று எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வரிசையைத் திருப்பிப் போட்டால்தான் அந்தக் காலம் புரியும் என்பது என் எண்ணம். கேலடெட் பள்ளிக்கான ஆதரவைத் திரட்டினார், நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கு ஒரு மொழியையும் கற்பிக்கும் முறையையும் கொண்டுவந்தவர் கிளேர். அவருக்கு அதைக் கொடுத்தவரும் காதுகேளாத ஆசிரியர் ஒருவரே.

மாசியுவின் மாணவன்

கிளேர் 1785 டிசம்பர் 26ஆம் தேதி, பிரான்சின் லியோன் நகருக்குக் கிழக்கே உள்ள லா பால்ம் என்ற கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா சட்டம் படித்தவர், ஊருக்கு மேயராகவும் இருந்தார். கிளேருக்கு ஒரு வயது இருக்கும்போது நாற்காலியிலிருந்து நெருப்பில் விழுந்து வலது கன்னம் வெந்துபோனது. காது கேட்காமல் போனதும், வாசனை தெரியாமல் போனதும் அந்த விபத்தால்தான் என்று வீட்டார் நம்பினார்கள். கன்னத்து வடு கடைசிவரை இருந்தது. சைகை மொழி பேசுவோர் ஒருவருக்கொருவர் சைகையால் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டு விரல்களால் கன்னத்தை வருடுவது கிளேரின் பெயரானது. இன்றைக்கும் அமெரிக்கக் காதுகேளாதோர் அவரை அந்தச் சைகையால்தான் குறிப்பிடுகிறார்கள்.

பன்னிரண்டு வயதுவரை அவருக்குப் பள்ளி கிடையாது. அம்மாவின் வான்கோழிகளையும் மாடுகளையும் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவது, அப்பாவின் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது என்று நாள் போனது. 1797இல் அவரைப் பாரிஸ் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்தப் பள்ளிக்கு ஒரு முன்கதை உண்டு. பணக்கார வீட்டுக் காதுகேளாத பிள்ளைக்குத் தனி ஆசிரியர் வைத்து, வாயசைவையும் குரலையும் பழக்கி நாலு வார்த்தை பேசவைப்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்த வழக்கம். ஆசிரியர்கள் தங்கள் வித்தையை வெளியில் சொல்லமாட்டார்கள், அதில்தான் அவர்களுடைய வரும்படி. அபே த லெப்பே என்ற பாரிஸ் பாதிரியார் 1760களில் இதைத் தலைகீழாக மாற்றினார். ஏழைப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து, காசு வாங்காமல், அவர்கள் கைகளால் பேசிக்கொண்ட சைகைகளையே எடுத்துப் பாடம் நடத்தினார். வகுப்பை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். 1789இல் அவர் இறந்தார். 1791இல் புரட்சி அரசின் தேசிய சபை பள்ளியை அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அடுத்து அதை நடத்தியவர் அபே சிக்கார்.

லெப்பேயின் முறையில் ஒரு சிக்கலும் இருந்தது. பிள்ளைகளின் இயல்பான சைகைகள் போதாது என்று நினைத்து, பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் அவர் ஒரு சைகையை உண்டாக்கினார்: ஆண்பால் பெண்பாலுக்கு, காலத்துக்கு, சொல்லுக்கு முன்னால் வரும் சின்னஞ்சிறு உருபுகளுக்கு. ஆசிரியர் அந்தச் சைகைகளை வரிசையாகப் போட்டால் மாணவர் பிழையில்லாமல் பிரெஞ்சில் எழுதிவிடுவார். பார்வையாளர்கள் அசந்துபோவார்கள். எழுதியது மாணவருக்குப் புரிந்ததா என்பது வேறு கேள்வி. பாரிஸ் பள்ளி ஆசிரியரான பெபியான் பிற்பாடு இந்தச் செயற்கைச் சைகைகளைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் காது கேட்பவர், ஆனால் காதுகேளாத மாணவர்களோடு அமர்ந்து அவர்களுடைய மொழியைக் கற்றவர். வகுப்புக்கு வெளியே, தங்கும் கூடங்களிலும் முற்றத்திலும் பிள்ளைகள் பேசியது அந்த இயல்பான மொழியில்தான். கிளேர் அதையும் அங்கேதான் கற்றார்.

கிளேருக்கு முதலில் பாடம் எடுத்தவர் ஜான் மாசியு. 1772இல் போர்தோ பக்கத்து கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவர் வீட்டில் பிள்ளைகள் ஆறு பேர், ஆறு பேருக்குமே காது கேட்காது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவரைப் பதின்மூன்று வயதுக்கு மேல்தான் சிக்காரிடம் சேர்த்தார்கள். சிக்கார் ஒரு பொருளைக் கரும்பலகையில் வரைந்து, அதன் பெயரின் எழுத்துகளை அந்தப் படத்தின் மேலேயே எழுதுவார். பிறகு கோட்டை அழித்துவிடுவார். எழுத்து மட்டும் மிஞ்சும். படம் நின்ற இடத்தில் சொல் நிற்க முடியும் என்று மாசியுவுக்கு அப்படித்தான் பிடிபட்டது. பின்னாளில் பொது மேடைகளில் பார்வையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் ஐரோப்பா முழுக்கப் பரவின. நன்றி என்றால் என்ன என்று கேட்டபோது ‘இதயத்தின் நினைவாற்றல்’ என்று எழுதினாரே, அவர்தான். 1792இல் புரட்சிக்காரர்கள் சிக்காரைச் சிறைபிடித்தபோது, சக மாணவர்களோடு சட்டமன்றத்துக்கே போய், எங்கள் ஆசிரியரைத் திருப்பிக் கொடுங்கள் என்று மனுக் கொடுத்ததும் மாசியுதான்.

பாரிஸ் பள்ளியில் மாசியு ஆசிரியராக இருந்தார் என்பதை இன்றைக்குச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகலாம். கிராமத்திலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது சாதாரணமாக இருந்திருக்க முடியாது. தன்னைப் போலவே காது கேட்காத ஒருவர் வகுப்பின் முன்னால் நின்று, பிரெஞ்சு எழுதிக் காட்டி, சம்பளமும் வாங்குகிறார். தானும் அப்படி ஆகலாம் என்பதை யாரும் வாய்விட்டு விளக்க வேண்டியதில்லை.

பேச்சுப் பயிற்சியையும் கிளேர் பார்த்தார். மார்கரோன் என்ற பாதிரியார் சில மாணவர்களுக்கு உச்சரிப்பு கற்றுக்கொடுத்தார். ‘ta’ என்ற ஒலியையும் ‘da’ என்ற ஒலியையும் கிளேரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் கோபத்தில் பாதிரியார் அவர் தாடைக்குக் கீழே ஓங்கிக் குத்த, பல் பட்டு நாக்கு கடிபட்டது. இனி பேசக் கற்பதே இல்லை என்று கிளேர் முடிவெடுத்தார். எண்பத்து மூன்று வயதுவரை அந்த முடிவிலிருந்து அவர் இறங்கவில்லை. இது வெறும் பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சரளமாக எழுதக்கூடிய, சைகையில் எதையும் விவாதிக்கக்கூடிய ஒரு மனிதருக்கு அரைகுறைக் குரல் எதற்கு?

படிப்பு முடிந்ததும் அதே பள்ளியில் கிளேர் உதவி ஆசிரியரானார், பிறகு மேல்வகுப்பின் ஆசிரியர்.

லண்டன் மேடையும் ஒரு மறுப்பும்

1815இல் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பிவந்து மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது, மன்னராட்சி ஆதரவாளரான சிக்கார் மாசியுவையும் கிளேரையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனார். அங்கே வழக்கம்போல பொது விளக்கக் கூட்டங்கள். கேள்வியைச் சிக்கார் சைகையில் கேட்பார், இரண்டு பேரும் பலகையில் பதில் எழுதுவார்கள். காதுகேளாதவர் தன்னைத் துரதிர்ஷ்டசாலி என்று நினைக்கிறாரா என்ற கேள்வி அங்கும் வந்தது. ஒன்றை ஒருபோதும் பெற்றிராதவன் அதை இழப்பதில்லை, இழக்காதவனுக்கு வருந்தவும் எதுவுமில்லை என்ற பொருளில் கிளேர் எழுதினார். பரிதாபத்தோடு கேட்டவருக்குத் தர்க்கத்தில் பதில்.

அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்களில் ஒருவர் கேலடெட்.

அவர் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த மருத்துவர் மேசன் காக்ஸ்வெல். அவர் மகள் ஆலிஸுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து காது போயிற்று. அமெரிக்காவில் அவளைச் சேர்க்க நிலையான ஒரு பள்ளிகூட இல்லை. காக்ஸ்வெல் சும்மா இருக்கவில்லை. கனெக்டிகட் மாநிலத்துத் தேவாலயப் போதகர்கள் மூலம் கணக்கெடுத்து, அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 84 காதுகேளாதவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டினார். ஒரு குடும்பத்தின் துயரம் ஊர்ப் பிரச்சினையாக மாறியது அந்த எண்ணால்தான். ஊர்ப் பெரியவர்கள் பணம் போட்டு, 1815இல் கேலடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

முதலில் அவர் போனது பிரிட்டனுக்கு. அங்கே காதுகேளாதோர் கல்வி பிரெய்ட்வுட் குடும்பத்தின் கையில் இருந்தது. வாய்ப்பேச்சு முறை, அதுவும் குடும்ப ரகசியம். லண்டனில், ஆண்டுக்கணக்கில் உதவியாளராக வேலை பார்த்தால் கற்றுத்தருவோம் என்றார்கள். எடின்பரோவில் இருந்த ஆசிரியரோ வித்தையை வெளியே சொல்வதில்லை என்று அந்தக் குடும்பத்துக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். போதாக்குறைக்கு, அந்தக் குடும்பத்துப் பேரன் ஒருவர் அமெரிக்காவிலேயே தொழில் நடத்த முயன்றுகொண்டிருந்தார். கேலடெட் வெறுத்துப்போய், சிக்காரின் அழைப்பை ஏற்று 1816 வசந்தத்தில் பாரிஸுக்குப் போனார்.

பிரெய்ட்வுட் குடும்பத்தார் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டிருந்தால் அமெரிக்காவில் சைகை மொழியின் வரலாறே வேறாக இருந்திருக்கும். இன்று அமெரிக்கச் சைகை மொழி பேசுபவருக்கு பிரெஞ்சுச் சைகை மொழி ஓரளவு பிடிபடும், பிரிட்டிஷ் சைகை மொழி சுத்தமாகப் புரியாது. ஒரு குடும்பம் வியாபாரத்தைக் காப்பாற்ற நினைத்ததன் நீண்ட கால விளைவு அது.

பாரிஸில் கேலடெட் சில மாதங்கள் வகுப்புகளில் உட்கார்ந்தார். மாசியுவிடமும் கிளேரிடமும் தனிப்பாடமும் கற்றார். கைவசம் பணம் தீர்ந்துகொண்டிருந்தது, கற்கவேண்டியது மலைபோல் இருந்தது. கற்றுத்தருபவரையே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. கிளேர் உடனே சம்மதித்தார். சிக்கார் தயங்கினார். கிளேரின் அம்மா வேண்டாம் என்று மன்றாடினார். 1816 ஜூன் 13ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது: மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 2,500 பிராங்க். கிளேர் கத்தோலிக்கர், போகுமிடமோ கண்டிப்பான புராட்டஸ்டண்ட் ஊர். அதனால் அவருடைய மதத்துக்கு முரணான எதையும் அவர் கற்பிக்க வேண்டியதில்லை என்ற விதியும் ஒப்பந்தத்தில் இருந்தது.

ஜூன் 18ஆம் தேதி லெ ஆவ்ர் துறைமுகத்தில் ‘மேரி அகஸ்டா’ கப்பலில் ஏறினார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி நியூயார்க். இடையில் 52 நாள். அந்தப் பயணம் இருவருக்கும் வகுப்பறையானது. கேலடெட் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், கிளேர் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலப் பயிற்சிக்காகக் கிளேர் அந்நாட்களில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. புறப்படும்போது ஆங்கிலம் பெரும்பாலும் தெரியாத மனிதர், இறங்கிய சில வாரங்களில் ஆங்கிலத்தில் சொற்பொழிவு எழுதித் தந்தார்.

ஆளே சான்று

ஹார்ட்ஃபோர்டுக்கு வந்து ஆலிஸைப் பார்த்தார். அவளுக்கு அப்போது பதினொரு வயது ஆகவிருந்தது. தன்னைப் போலவே காது கேட்காத, நன்றாக உடுத்திய, உலகம் சுற்றிய ஒரு பெரியவரை அவள் அதற்குமுன் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு.

அப்புறம் நிதி திரட்டும் வேலை. 1816 செப்டம்பரில் பாஸ்டனில் தொடங்கி, ஆல்பனி, நியூயார்க், ஃபிலடெல்ஃபியா என்று இருவரும் பல மாதம் அலைந்தார்கள். நடைமுறை எளிது. கிளேர் எழுதிய உரையைக் கேலடெட் வாசிப்பார். கூட்டத்தினர் கேள்வி கேட்பார்கள், கிளேர் அங்கேயே ஆங்கிலத்தில் பதில் எழுதுவார்.

இதன் வலிமை புரிய, அன்றைய எண்ணத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேச்சு இல்லாவிட்டால் சிந்தனை இல்லை என்று படித்தவர்களே நம்பிய காலம். காதுகேளாத பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியும் என்று காது கேட்கும் போதகர் ஒருவர் நூறு முறை சொன்னாலும் அது அவருடைய நம்பிக்கை மட்டும்தான். மேடையில் நின்று, நுணுக்கமான கேள்விக்கு நகைச்சுவையோடு பதில் எழுதும் முப்பது வயது மனிதரைப் பார்த்தபின் வாதத்துக்கு இடமேது? நன்கொடைகள் வந்தன, கனெக்டிகட் சட்டமன்றம் 5,000 டாலர் கொடுத்தது. 1818 ஜனவரியில் கிளேர் வாஷிங்டனுக்குப் போனபோது, பிரதிநிதிகள் சபையின் தலைவர் ஹென்றி க்ளே அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். உறுப்பினர்கள் அவரோடு எழுதிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு, 1819இல், நாடாளுமன்றம் பள்ளிக்குச் சுமார் 23,000 ஏக்கர் அரசு நிலத்தை ஒதுக்கியது. விற்றுக் கிடைத்த பணம்தான் பள்ளியை நிலைநிறுத்தியது. (அந்த நிலம் அலபாமாவில் இருந்தது. பூர்வகுடிகளிடமிருந்து அரசு பறித்த நிலம் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது.)

இந்தப் பெருமையில் ஒரு சங்கடமும் உண்டு. கிளேர் ஒவ்வொரு ஊரிலும் தன்னைத்தானே காட்சிக்கு வைக்க வேண்டியிருந்தது. கல்வி தங்களுக்குத் தகுமா என்று காது கேட்பவர்களுக்கு நிரூபிக்கும் பொறுப்பு காதுகேளாதவர் தலையில் விழுந்தது. அந்தப் பொறுப்பு இன்னும் முழுதாக இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது.

1817 ஏப்ரல் 15ஆம் தேதி, ஹார்ட்ஃபோர்டில் ஒரு விடுதிக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்துப் பள்ளி திறந்தது. ஏழு மாணவர்கள். ஆலிஸ் அவர்களில் ஒருத்தி. தொடக்கத்திலேயே சேர்ந்த இன்னொருவர் ஜான் புரூஸ்டர், வயது 51, நியூ இங்கிலாந்து முழுக்க வீடு வீடாகப் போய் உருவப்படம் வரைந்து பிழைத்த காதுகேளாத ஓவியர். ஊரறிந்த கலைஞர் அந்த வயதில் சிறுமிகளோடு உட்கார்ந்து பாடம் படிக்க வந்தாரென்றால், எவ்வளவு காலமாக இதற்காகக் காத்திருந்திருப்பார்!

பள்ளிதான் தாய்வீடு

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிளேரின் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது.

காதுகேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றன. மற்ற எந்த மொழியும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். சைகை மொழி அப்படிப் போவது அபூர்வம், அம்மாவுக்கே அது தெரியாது. வீட்டுக்குள் சாப்பாடு, தூக்கம், கோபம் என்று நாலைந்து கைச்சாடைகள் உருவாகும், அதோடு சரி. ஆகவே மொழி கைமாறும் இடம் பள்ளி. மூத்த மாணவர்களிடமிருந்தும், அவர்களைவிட அதிகமாகக் காதுகேளாத ஆசிரியரிடமிருந்தும் பிள்ளைகள் மொழியைப் பெறுகிறார்கள். ஐந்து வயதிலோ பத்து வயதிலோ விடுதியில் கொண்டுவந்து விடப்பட்ட குழந்தைக்கு, அந்த ஆசிரியர் பாடம் சொல்பவர் மட்டுமில்லை. முதல் முழு மொழியையே கொடுப்பவர். மொழியை வளர்ந்தபின் கற்ற, காது கேட்கும் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வேலையை அதே அளவுக்குச் செய்வது கடினம்.

ஹார்ட்ஃபோர்டில் நடந்தது அதுதான். கிளேர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகைகள் ஒருபக்கம். வெவ்வேறு ஊர்களிலிருந்து மாணவர்கள் கொண்டுவந்த வீட்டுச் சைகைகள் இன்னொரு பக்கம். அவற்றோடு மார்த்தாஸ் வின்யார்ட் தீவின் சைகை மொழியும் சேர்ந்தது. அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாகப் பரம்பரைக் காதுகேளாமை இருந்ததால், சில்மார்க் பகுதியில் காது கேட்பவர்களும் சகஜமாகச் சைகையில் பேசிக்கொண்டார்கள். 1820களிலிருந்து அங்கிருந்து பிள்ளைகள் ஹார்ட்ஃபோர்டுக்கு வரத் தொடங்கினார்கள். இவையெல்லாம் கலந்து உருவானது அமெரிக்கச் சைகை மொழி. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொழியியலாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதன் சொற்களில் பாதிக்கு மேல் பிரெஞ்சுச் சைகைகளோடு உறவுள்ளவையாக இருந்தன. லெப்பேயின் இலக்கணச் சைகைகள் ஹார்ட்ஃபோர்டிலும் கொஞ்ச காலம் பயன்பட்டு, பிறகு கைவிடப்பட்டன. பிள்ளைகள் தங்களுக்குள் பேசியதே நிலைத்தது.

மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் 41 ஆண்டு தங்கிவிட்டார். 1819இல் பள்ளியின் மாணவி எலிசா போர்ட்மனை மணந்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். கேலடெட்டும் 1821இல் பள்ளி மாணவியான சோஃபியா ஃபௌலரை மணந்தார். 1821-22இல் கிளேர் ஃபிலடெல்ஃபியா பள்ளியைச் சில மாதம் பொறுப்பேற்று நடத்தியபோது, புகழ்பெற்ற ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் அவரையும், கைக்குழந்தையோடு எலிசாவையும் வரைந்தார்.

மற்ற மாநிலங்கள் பள்ளி தொடங்க நினைத்தபோது ஆசிரியர்கள் பயிற்சிக்கு வந்தது ஹார்ட்ஃபோர்டுக்கு. நியூயார்க் பள்ளியைப் பல ஆண்டுகள் நடத்திய ஹார்வி பீட், கென்டக்கி பள்ளியின் ஜான் ஜேக்கப்ஸ் எல்லாரும் கிளேரின் கையைப் பார்த்து மொழி கற்றவர்கள். அவருடைய மாணவர் வில்லியம் வில்லார்ட், காதுகேளாதவர், 1843இல் இண்டியானாவுக்குப் போய், குதிரையில் மாநிலத்தைச் சுற்றிப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பள்ளி தொடங்கினார். மாசியு, கிளேர், வில்லார்ட்: ஐம்பது ஆண்டுக்குள் மூன்று தலைமுறை.

1850இல் சுமார் நானூறு காதுகேளாதவர்கள் ஹார்ட்ஃபோர்டில் கூடி, கேலடெட்டுக்கும் கிளேருக்கும் வெள்ளிப் பாத்திரங்கள் பரிசளித்தார்கள். முன்னாள் மாணவர்கள் தாங்களே பணம் திரட்டி நடத்திய விழா அது.

தலைமை நாற்காலி

இத்தனைக்கும் பிறகு ஓர் எளிய கேள்வி வருகிறது. 1830இல் கேலடெட் பதவி விலகியபோது பள்ளியின் தலைவர் ஆனது யார்? லூயிஸ் வெல்ட். கிளேரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர், ஹார்ட்ஃபோர்டிலேயே இந்தத் தொழிலைக் கற்றவர், காது கேட்பவர். 1853இல் வெல்ட் இறந்தார். அடுத்து வில்லியம் டர்னர், அவரும் காது கேட்பவர். கிளேர் 1858இல் ஓய்வு பெறும்வரை ஆசிரியராகவே இருந்தார். இண்டியானாவில் வில்லார்ட் தொடங்கிய பள்ளியை அரசு எடுத்துக்கொண்டதும் அங்கேயும் தலைமை காது கேட்கும் ஒருவருக்குப் போனது, நிறுவியவர் அதே பள்ளியில் ஆசிரியரானார்.

பாரிஸிலும் இதே கதைதான். 1822இல் சிக்கார் இறந்தபின், மாசியு அடுத்த ஆண்டே பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் ரொதேஸுக்கும் பிறகு லில் நகரத்துக்கும் போய், அங்கே காதுகேளாதோருக்குப் பள்ளி நடத்தினார்.

நிர்வாகிகள் கெட்டவர்கள் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. சட்டமன்றத்தில் பேச வேண்டும், நன்கொடையாளர்களைச் சந்திக்க வேண்டும், அதற்குக் காது கேட்கும் ஆள்தான் தோது என்று நினைத்தார்கள். ஆனால் சட்டமன்றத்தையும் நன்கொடையாளர்களையும் ஆரம்பத்தில் வசப்படுத்தியதே கிளேரின் சாக்கட்டிதான். அதை அவ்வளவு சீக்கிரம் எப்படி மறந்தார்கள்?

பாடம் நடத்தவாவது காதுகேளாதவர் வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. 1870 வாக்கில் அமெரிக்கக் காதுகேளாதோர் பள்ளிகளின் ஆசிரியர்களில் பத்துக்கு நான்கு பேர் காதுகேளாதவர்கள். அடுத்து வந்தது அதையும் பறித்தது. 1860களில் வாய்ப்பேச்சு முறைப் பள்ளிகள் அமெரிக்காவில் முளைத்தன. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சே மேல் என்று 160க்கு 4 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. வந்திருந்த 164 பேரில் காதுகேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்காவின் ஜேம்ஸ் டெனிசன். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல்லோ, காதுகேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொள்வதைக் குறைக்க, காதுகேளாத ஆசிரியர்களை வேலைக்கு வைப்பதையே தவிர்க்க வேண்டும் என்று எழுதினார். அவர் அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது.

வாய்ப்பேச்சு மட்டும்தான் பாடம் என்றானபின் பேசாத ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை? முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் அவர்கள் பங்கு ஏழில் ஒன்றாகச் சுருங்கியது. பிரான்சில் கிளேரும் மாசியுவும் நின்ற அதே பாரிஸ் பள்ளியிலிருந்து காதுகேளாத ஆசிரியர்களை வெளியேற்றினார்கள். சைகை மொழி அழிந்துவிடவில்லை. ஆசிரியர்கள் பார்க்காத நேரத்தில் விடுதிகளில், பெரிய பிள்ளையிடமிருந்து சின்னப் பிள்ளைக்கு அது போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்த மொழியில் வரலாறும் கணக்கும் சொல்லிக்கொடுக்கப் பெரியவர் எவரும் வகுப்பில் இல்லாமல் போனார்கள்.

கிளேர் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1869 ஜூலை 18ஆம் தேதி ஹார்ட்ஃபோர்டில் இறந்துவிட்டார். அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன், 1864இல், வாஷிங்டனில் காதுகேளாதோருக்கான கல்லூரி தொடங்கியது. லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி பட்டம் வழங்கும் உரிமை பெற்ற அந்தக் கல்லூரியின் தலைவர் கேலடெட்டின் மகன் எட்வர்ட். தொடக்க விழாவுக்கு எழுபத்தெட்டு வயதில் கிளேரும் வந்து உரை அளித்தார். அதுவே இன்றைய கேலடெட் பல்கலைக்கழகம்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் காதுகேளாத தலைவர் வர 124 ஆண்டு ஆனது. 1988 மார்ச்சில், சைகை மொழி தெரியாத, காது கேட்கும் ஒருவரைத் தலைவராக அறிவித்தபோது மாணவர்கள் வளாகத்தின் வாசல்களை மறித்தார்கள். ஒரு வாரத்தில் அவர் விலகினார், ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். அவர் இருபத்தோரு வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காது இழந்தவர். 2006இல் அவருக்கு அடுத்துத் தேர்வான ஜேன் ஃபெர்னாண்டஸ் பிறவியிலேயே காதுகேளாதவர், ஆனால் பேச்சுமுறையில் வளர்ந்து இருபது வயதுக்கு மேல்தான் சைகை மொழி கற்றவர். அவர் நடத்தப்போகும் நிர்வாகம் பற்றியும், தேர்வு நடந்த விதம் பற்றியும் மாணவர்களும் ஆசிரியர்களும் மறுபடி போராடினார்கள். அறங்காவலர்கள் அந்த நியமனத்தையும் திரும்பப் பெற்றார்கள். 1988க்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்த எல்லாருமே காதுகேளாதவர்கள்.